விருந்தாளியா, வேலையாளா

“ஒரு மணி நேரம்தானேங்க, காலையில போயிட்டு உடனே…”

“ஒரு மணி நேரமா ஒன்பது மணி நேரமாங்கிறது இல்ல பேச்சு, நீ எந்த வாயால சரின்னு…”

“மெதுவா பேசுங்க, சுவருக்கு அந்தப் பக்கம் மேட்ரன் வீடு!”

“கேக்கட்டும்! நல்லா கேக்கட்டும்! பெத்த பொண்ணை அடுத்த வீட்டம்மாவுக்கு முதுகு தேய்க்க அனுப்புறவ, சத்தத்துக்குப் பயப்படுறாளாம்!”

“ஐயோ, கதவு திறந்திருக்கு!”

அவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். எழுபத்திரண்டு வயதில் ஓட்டம் என்ன ஓட்டம், நாலு எட்டு வேகமாக வைத்தாள், அவ்வளவுதான். சாத்திவிட்டுக் கதவிலேயே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள், வெளியிலிருந்து யாரோ தள்ளுவதுபோல.

“மேட்ரனுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு. குளிக்கப் பயமா இருக்காம். உங்க ஆளைக் கொஞ்சம் அனுப்புங்களேன்னு டைனிங் ஹால்ல எல்லார் முன்னாடியும் கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்றது?”

“என் பொண்ணு, அனுப்ப மாட்டேன்னு சொல்றது!”

“சொல்லிட்டு? மூட்டையைக் கட்டிக்கிட்டு எங்க போறது?”

கணவர் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கோபம் வந்தால் இரண்டு மாடி ஏறும், மூன்றாவது மாடியில் நின்றுவிடும்.

“ஒண்ணு மட்டும் சொல்றேன் கேட்டுக்கோ. ரிப்பேர்காரனா இருந்த என்னை இங்க வந்து இன்ஜினியர் ஆக்கிட்ட. அவளை வேலைக்காரி ஆக்கிட்ட. ஒரே வீட்டுல ஒருத்தருக்குப் பதவி உயர்வு, ஒருத்தருக்குப் பதவி இறக்கம். நீ மட்டும் அப்படியே மகாராணியா இருக்க.”

சமையலறையிலிருந்து மகள் வந்தாள். நாற்பத்தொன்பது வயது. கையில் பாதி நறுக்கிய முட்டைக்கோஸ். கழுத்தில் பச்சை நாடாவில் ஓர் அட்டை. வீட்டுக்குள் அதைக் கழற்றி வைக்கலாம். ஏனோ அவள் கழற்றுவதில்லை.

“விடுங்கப்பா. நான் போறேன். இருபத்திரண்டு வருஷம் ஒருத்தர் கடையில சம்பளம் இல்லாம உழைச்சாச்சு. இந்தம்மா சம்பளமாவது தருவாங்க.”

அதோடு சண்டை நின்றது. தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பேச ஆளில்லாமல் போயிற்று.

அந்த மூத்தோர் குடியிருப்பு பதினாலு மாடி. ஐம்பத்தைந்து வயதுக்குக் கீழே யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது. சொந்தப் பிள்ளையானாலும் விருந்தாளி, வருஷத்துக்கு முப்பது இரவு, ஒவ்வொரு இரவுக்கும் கட்டணம். ஆறு மெஷின் போட்டு நடத்திய தையல் கடையை விற்று, இருந்த வீட்டையும் விற்று, மனைவிதான் பிடிவாதமாக இந்த ஒன்பதாவது மாடிக்குக் குடிவந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டை வாங்கியதோடு செலவு முடியவில்லை, அப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது என்று. சதுர அடிக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பராமரிப்பு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் டைனிங் ஹாலில் இருபது கூப்பன். கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கும் அவசர மணிக்கயிற்றுக்கு ஒரு கட்டணம். நீச்சல் குளத்துக்கு ஒரு கட்டணம்.

“கால் நனைக்காத குளத்துக்குக் காசு, இழுக்காத கயித்துக்குக் காசு. மூச்சு விடுறதுக்குத்தான் இன்னும் பில் வரல. அடுத்த பொதுக்குழுவுல வெச்சிருப்பாங்க” என்பார் கணவர்.

ஆனால் அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. காலையும் மாலையும் தோட்டத்தைச் சுற்றி நடக்கும்போது ஒரு பக்கம் வங்கி மேலாளராக இருந்த சங்கப் பொருளாளர் அம்மா, இன்னொரு பக்கம் செயலாளர் கேப்டனின் மனைவி. கப்பல் கேப்டன், நிஜக் கேப்டன். ஆயுசு பூராவும் இப்படிப்பட்ட பெண்களின் இடுப்பளவையும் தோளளவையும் மண்டிபோட்டு எடுத்தவள், இன்று அவர்களோடு சரிக்குச் சரியாக நடந்தாள். “நாங்க கார்மென்ட் பிசினஸ்ல இருந்தோம்” என்றாள். “ஒரே பொண்ணு. மாப்பிள்ளைக்குக் கிரானைட் கடை. வருஷத்துல பாதி நாள் வெளிநாடு” என்றாள். கடையும் உண்மை, வெளிநாடும் உண்மை. அந்த வெளிநாட்டுப் பயணங்களில் மகள் இல்லை என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வாசல் காவலாளி போன் பண்ணினார். உங்களைத் தேடி ஓர் அம்மா வந்திருக்கிறார்கள் என்று. இவள் இறங்கிப் போனாள். கேட்டுக்கு வெளியே மகள் நின்றிருந்தாள். கையில் ஒரு கட்டைப்பை. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தை விட்டு வரும்போது எடுத்து வந்தது அவ்வளவுதான். தலை கலைந்திருந்தது. செருப்பு வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது. தைக்கத் தெரிந்த கண், அதைத்தான் முதலில் பார்த்தது.

அதே நேரம் பார்த்து நடைப்பயிற்சி முடித்துப் பொருளாளர் அம்மாவும் கேப்டன் மனைவியும் வந்து சேர்ந்தார்கள்.

காவலாளி பெரிய ரெஜிஸ்டரை விரித்து, பேனாவை உதறிக்கொண்டு கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

“விருந்தாளியாம்மா, வேலையாளா?”

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

“வேலையாள்” என்றாள் அம்மா.

ரெஜிஸ்டரில் ஏறிவிட்டது. பச்சை அட்டை வந்துவிட்டது. பொருளாளர் அம்மா, “அப்பாடா, உங்களுக்காவது ஆள் கிடைச்சுதே!” என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனாள். பச்சை அட்டைக்காரர்களுக்குப் பின்பக்கம் சாமான் ஏற்றும் லிஃப்ட். மகள் அதில் ஏறினாள். அம்மா முன்பக்க லிஃப்டில் ஏறினாள். ஒன்பதாவது மாடியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக வெளியே வந்தார்கள்.

“விருந்தாளின்னா முப்பது ராத்திரிதான்டி. வேலையாளுக்குக் கணக்கே கிடையாது, எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கலாம். உன் நல்லதுக்குத்தான்” என்றாள் அம்மா, கதவைச் சாத்தியதும்.

“சரிம்மா” என்றாள் மகள். அப்போதே சண்டை போட்டிருக்கலாம்.

பச்சை அட்டைக்காரர்கள் தோட்டத்து பெஞ்சில் உட்காரக் கூடாது. டைனிங் ஹாலுக்குள் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வரலாம், உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. வெளியே செருப்பு விடுகிற இடத்தில் ஸ்டூல் போட்டிருக்கும். அங்கே மற்ற ஆட்களோடு மகளும் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். “வயித்துல இறங்கல” என்பார். கூப்பனுக்குக் காசு கட்டியாயிற்றே என்று அம்மா அவர் தட்டில் இருந்ததையும் சேர்த்துச் சாப்பிட்டாள். அவளுக்கும் இறங்கவில்லை. ஆனால் சாப்பிட்டாள்.

மேட்ரன் வீட்டுக்கு மகள் போகத் தொடங்கி ஒரு மாதம் ஆயிற்று. ஒரு மணி நேரம் இரண்டாயிற்று, மூன்றாயிற்று. மாதக் கடைசியில் ஓர் உறை கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

“இது எதுக்குடி எனக்கு?”

“வீட்டுக்கு ஒரு ஆள் கூடினா தண்ணிக்கட்டணம் கூடும்னு சொன்னீங்களே. அதுக்கு வெச்சுக்குங்க.”

வெளியே பழகிய மரியாதை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டிருந்தது. முன்பெல்லாம் “நீ போம்மா அந்தப் பக்கம்” என்று தள்ளிவிட்டு அடுப்பைப் பிடுங்கிக்கொள்கிற பெண்.

அன்று மத்தியானம் டைனிங் ஹாலில் மேட்ரன் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து இவள் எதிரே உட்கார்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நாற்பது வருஷம் நர்ஸுகளை மேய்த்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். குரல் மட்டும் இன்னும் வார்டுக்கு வார்டு கேட்கும்.

“உங்க ஆளைப் பத்திப் பேசணும்.”

“ஏன், ஏதாவது தப்பு பண்ணிட்டாளா?”

“தப்பா! பதினெட்டு பேட்ச் நர்ஸுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். நோயாளி கூசாம குளிப்பாட்ட எத்தனை பேருக்கு வரும்னு நினைக்கிறீங்க? இவளுக்கு வருது. நேத்து சோப்பு போடும்போது நான் அழுதுட்டேன். வலியில இல்ல. எங்கம்மாவுக்கு அப்புறம் என்னை யாரும் அப்படித் தொட்டதில்ல.”

இவள் தண்ணீர் குடித்தாள்.

“உனக்கு அம்மா இருக்காங்களான்னு கேட்டேன். போயிட்டாங்கன்னா. பாவம், எப்பம்மான்னு கேட்டேன். இப்பத்தான், ரெண்டு மாசம் ஆகுதுன்னா.”

டம்ளர் தட்டின் விளிம்பில் பட்டுச் சாய்ந்தது. பக்கத்து மேஜைக்காரர் நாப்கின் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். “கை நடுக்கம் இருக்கா உங்களுக்கு? காட்டுங்க பாப்போம்” என்று மேட்ரன் நாடியைப் பிடித்தாள். ரெஜிஸ்டரில் பேர் ஏறி அன்றோடு இரண்டு மாதம்.

“ஒண்ணுமில்ல. சொல்லுங்க.”

“எங்க பழைய ஆஸ்பத்திரியில நோயாளியைப் பார்த்துக்க ஆள் எடுக்குறாங்க. விடுதி உண்டு, சாப்பாடு உண்டு, பென்ஷன்கூட உண்டு. என்ன, ராத்திரி பூரா பஸ்ல போகணும். நான் ஒரு வார்த்தை சொன்னா எடுத்துப்பாங்க. ஆனா உங்களைக் கேக்காம உங்க ஆளைக் கிளப்பினா அது முறையில்ல. அதான் கேக்குறேன். விடுவீங்களா?”

“அது… அவ இஷ்டம்” என்றாள் அம்மா.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்தாள்.

“என்னைச் சாகடிச்சிட்டியாடி? உசுரோட குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என்னைச் சாகடிச்சிட்டியா?”

மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு கலையாமல் பதில் சொன்னாள்.

“பாதியை நீங்க சொன்னீங்க. மீதியை நான் சொன்னேன்.”

“முப்பது ராத்திரிக் கணக்குக்காகத்தானே சொன்னேன்! அது புரியலையா உனக்கு?”

“முப்பது ராத்திரிதான் கணக்குன்னா முப்பதாவது நாள் சொல்லியிருக்கலாமே. முதல் நாளே எதுக்கு?”

அம்மா மடித்து வைத்த துணி ஒன்றைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“முதல்ல என் செருப்பைப் பார்த்த. அப்புறம் அந்த ரெண்டு பேரையும் பார்த்த. அப்புறம்தான் வாயைத் திறந்த. நான் உன் முகத்தையேதான்மா பார்த்துக்கிட்டு நின்னேன்.”

கணவர் ஜன்னலோரம் திரும்பி நின்றிருந்தார். அவர் தோள் குலுங்கியது.

“சரிடி. தப்புதான். பெரிய தப்புதான். நான் போய்ச் சொல்லிடுறேன். கேப்டன்கிட்டயே சொல்லிடுறேன். அபராதம் போட்டா போடட்டும். வீட்டை வித்துட்டுக் கிளம்புன்னா கிளம்புவோம். எல்லாரும் ஒரு ரூம்ல கிடப்போம்.”

மகள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

“நிஜமாவாம்மா?”

“பின்ன?”

“ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு வா, போதும். கேப்டன்னு இல்ல, யாரா இருந்தாலும் சரி. நான் வேற எங்கயும் போகல. இங்க வேண்டாம்னா வேற இடம் பார்த்து உங்க ரெண்டு பேரையும் நான் வெச்சுக்குறேன். எனக்கு வேலை கிடைச்சிடும்மா, இப்போ தெரிஞ்சிடுச்சு.”

ரொம்ப நாளைக்கு அப்புறம் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம். சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்துக்கு அம்மா வருவாளா என்று கேட்கும்போது வருமே, அது.

மறுநாள் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனாள். கேப்டன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “உக்காருங்கம்மா. நல்ல நேரத்துல வந்தீங்க, இந்தக் கூத்தைப் பாருங்க” என்று ஒரு நோட்டீஸைக் காட்டினார். “ஆறாவது மாடியில பேரனை பிசியோதெரபிஸ்ட்னு எழுதி ஏழு மாசம் வெச்சிருந்திருக்காங்க! பையன் இருபத்தஞ்சு வயசு, தாத்தா காலை ஒரு நாள் தொட்டதில்லையாம். அபராதம் போட்டாச்சு. இன்னிக்கு எல்லா லிஃப்ட்லயும் ஒட்டப்போறோம். இவங்க மாதிரி ஆளுங்களால நம்ம இடத்துக்கே கேவலம். நீங்களே சொல்லுங்க.”

“ஆமாங்க” என்றாள்.

“நீங்க என்ன விஷயமா வந்தீங்க?”

“போன மாசக் கூப்பன்ல நாலு மீதி இருக்கு. இந்த மாசத்துல சேர்ப்பீங்களான்னு கேக்க வந்தேன்.”

சேர்க்க மாட்டார்கள்.

அடுத்த நாள் பொருளாளர் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நடைப்பயிற்சிக்குப் போனாள். மூன்று சுற்று முடிந்தது. நாலாவது சுற்றில், “உங்க பொண்ணு வந்தா கூட்டிட்டு வாங்க, பார்க்கணும்” என்றாள் பொருளாளர் அம்மா. “வருவா” என்றாள் இவள். மூன்றாவது நாள் மழை. நடைப்பயிற்சி இல்லை.

ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் எட்டிப் பார்ப்பதை நிறுத்தினாள். அன்று மாலை மேட்ரன் வீட்டுக்குப் போய்ச் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

புறப்படுகிற நாள் பஸ் சாயங்காலம் ஐந்தரைக்கு. மகள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அம்மா பீரோவைத் திறந்து, தன் இரண்டு வளையல்களை எடுத்து, மகளின் பையில் துண்டு மடிப்புக்குள் செருகினாள். நேரில் கொடுத்தால் வாங்க மாட்டாள். போய்ச் சேர்ந்து துண்டை உதறும்போது பார்ப்பாள், பார்த்துவிட்டு போன் பண்ணுவாள், அப்போது திட்டுகிற மாதிரி திட்டி அழுகிற மாதிரி அழுது சரிபண்ணிக்கொள்ளலாம் என்று கணக்கு. தையல்காரி, எதையும் உள்மடிப்பில் வைத்துத்தான் பழக்கம்.

வேலையாள் மொத்தமாகப் போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. இதுவரை அவர்கள் வீட்டில் வேலையாளே இருந்ததில்லையே.

காவலாளி சங்கடத்தோடுதான் கேட்டார். “தப்பா எடுத்துக்காதீங்க, ரூல். வீட்டுக்காரங்க முன்னாடியே பார்த்துட்டு, கையெழுத்து வாங்கிட்டு விட்டுடுவேன்.”

“பாருங்கண்ணே” என்று மகளே பையைத் தூக்கி மேஜையில் வைத்தாள்.

இரண்டு புடவை, ஒரு சீப்பு, மேட்ரனின் கடிதம். துண்டு. துண்டைப் பிரித்ததும் வளையல் மேஜையில் விழுந்து, ஒன்று உருண்டு போய் ரெஜிஸ்டரில் முட்டி நின்றது.

நடைப்பயிற்சிக்கு இறங்கிய பொருளாளர் அம்மா நின்றாள். அலுவலகத்திலிருந்து கேப்டன் வந்தார். “என்ன இது?” என்றார்.

குனிந்து வளையலைப் பார்த்தார்.

“ஏம்மா, இது உங்களுதா?” என்று அம்மாவைக் கேட்டார். பிறகு மகளிடம், “நீ சொல்லு. எப்படி உன் பைக்குள்ள வந்துது?”

மகள் கேப்டனைப் பார்க்கவில்லை, வளையலையும் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்ற அன்று பார்த்த மாதிரியே அம்மாவைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. காத்திருந்தாள்.

“கேப்டன், இவ எங்க…” என்று கணவர் ஆரம்பித்தார்.

“நீங்க சும்மா இருங்க!”

நாற்பத்தொன்பது ஐம்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை. அவள் நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு, அவர் விட்ட இடத்திலிருந்து அவள்தான் தொடர வேண்டும். எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

“நான்தான் குடுத்தேன்” என்றாள். “ரெண்டு மாசச் சம்பளம் குடுக்காம இருந்தேன். அதுக்குப் பதிலா… போற இடத்துல உதவுமேன்னு.”

“அடேயப்பா! உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசும்மா” என்றார் கேப்டன். “இந்தக் காலத்துல யார் செய்வா!” என்றாள் பொருளாளர் அம்மா.

மகள் குனிந்து புடவைகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். சீப்பை வைத்தாள். துண்டை நாலாக மடித்து மேலே வைத்தாள். இரண்டு வளையலையும் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

“சம்பளம் பாக்கி இல்லீங்க” என்றாள்.

கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுத்தாள். கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தம் இருக்கிற பக்கம் நடந்தாள்.

கணவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வீட்டுச் செருப்போடு அப்படியே வெளியே போனார். முழங்கால் வலிக்காரர், அன்றைக்கு விரசாக நடந்தார். எட்டிப் பிடித்து, மகளின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். அவள் கொடுக்க மாட்டேன் என்று இழுத்தாள். அவர் விடவில்லை. இரண்டு பேரும் பையின் காதுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போனார்கள். முனை திரும்பினார்கள்.

“சார் எங்க போறார், இந்த வேலைக்காரி கூட?” என்றாள் பொருளாளர் அம்மா. பதிலுக்கு நிற்காமல், “சரி, நாளைக்குப் பார்ப்போம்” என்று நடக்கப் போய்விட்டாள். கேப்டனும் போய்விட்டார்.

அம்மா தெருமுனையையே பார்த்தாள். ஒரு பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, கிளம்புகிற சத்தம் கேட்டது. கணவர் திரும்பி வருவாரா என்று பார்த்தாள். முனை காலியாகவே இருந்தது. வளையல் இரண்டும் அவள் உள்ளங்கையில் இருந்தன. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

காவலாளி ரெஜிஸ்டரைத் திருப்பி, கையெழுத்துப் போடுகிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். நல்ல மனுஷர். முகம் வாடிப்போய் நிற்கிற அம்மாவுக்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

“கவலைப்படாதீங்கம்மா, எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருக்கு, இவளைவிட நல்லா வேலை செய்யும். நாளைக்கே வரச் சொல்லட்டுமா?”